நாலு தடவை அமுக்கினாதான் டெஸ்க்டாப் ஆன் ஆகுது, போர்டு போச்சா?

தம்பி, நீங்க எழுதினதை முதல்ல சுருக்கிச் சொல்லிடறேன், இதே பிரச்சினையோட வேற ஆளும் படிப்பாங்கல்ல. 2014ல கடையில அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப், இன்டெல் நாலாம் தலைமுறை ஐ3 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ராம் ரெண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு மாசமா காலைல பட்டனை அமுக்கினா ஃபேன் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுது, இல்லன்னா ஃபேன் பாட்டுக்கு சுத்துது ஆனா மானிட்டர் கருப்பாவே கிடக்கு. நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா எப்படியோ வந்துடுது, வந்துட்டா ராத்திரி வரைக்கும் ஒரு குறையும் இல்ல. தேதி மட்டும் என்னமோ பழைய வருஷத்தைக் காட்டுது. கடைக்காரர் போர்டு போச்சு செட்டையே மாத்திடுங்கன்னுட்டார், உங்க ஃப்ரெண்டு விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும் ஃபார்மட் அடிச்சுடுன்னுட்டார்.

ரெண்டுமே இப்போதைக்கு வேணாம். இதைப் படிச்சதும் எனக்கு முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேலதான், அதாவது சுவத்து கரண்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏத்த வோல்டேஜா மாத்திக் குடுக்கற டப்பா, அடுத்தது ராம்ங்கற மெமரி. போர்டெல்லாம் அதுக்கப்புறம்தான் வரும். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், ஒரு டீயை வச்சுக்கிட்டு படிங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வேலை. அடுத்த தடவை சிஸ்டம் எப்ப ஆன் ஆகுதோ, அப்ப ஆஃப் பண்றதுக்கு முன்னாடி போட்டோ, டாலி டேட்டா, பசங்க ப்ராஜெக்ட் எல்லாத்தையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிடுங்க. கரண்ட் சரியா வராம விட்டு விட்டு ஸ்டார்ட் ஆகற சிஸ்டம்ல முதல்ல அடி வாங்கறது ஹார்ட் டிஸ்க்தான். எஸ்எம்பிஎஸ் போனா கடையில வாங்கிக்கலாம், குழந்தையோட முதல் பிறந்தநாள் போட்டோவை எந்தக் கடையில வாங்கறது.

சரி விஷயத்துக்கு வருவோம். போன் பண்ணி சிஸ்டம் ஆன் ஆகலன்னு சொல்றவங்ககிட்ட நான் கேக்கற முதல் கேள்வி "எது வரைக்கும் வருது?"ங்கறதுதான். மதுரைல இருந்து கிளம்பின சென்னை பஸ் வந்து சேரலன்னா, மாட்டுத்தாவணியை விட்டே கிளம்பலையா, மேலூர்கிட்ட பஞ்சரா, இல்ல தாம்பரம் வரைக்கும் வந்து டிராஃபிக்ல நிக்குதான்னுதானே கேப்போம், இதுவும் அதேதான். சுவத்துல இருந்து கரண்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வரணும், பட்டனை அமுக்கினதும் போர்டு எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பணும், எஸ்எம்பிஎஸ் "நான் ரெடி"ன்னு சொன்னப்புறம் பிராசஸர் கண்ணைத் திறக்கும், ராமைத் தேடும், டிஸ்ப்ளேவைத் தேடும், போர்டு கம்பெனி லோகோ வரும், அதுக்கப்புறம்தான் ஹார்ட் டிஸ்க், அதுக்கும் அப்புறம்தான் விண்டோஸ். உங்க பஸ் ஸ்டாண்டுக்குள்ளயே உறுமிக்கிட்டு நிக்குது. விண்டோஸ் தாம்பரத்துல ஏற வேண்டிய ஆளு. லோகோவே வராதப்ப விண்டோஸை ஃபார்மட் அடிச்சு ஒரு பிரயோஜனமும் கிடையாது, டேட்டா போனதுதான் மிச்சமாகும்.

இப்ப எஸ்எம்பிஎஸ் மேல ஏன் சந்தேகம்னா, நீங்க எழுதினதுல ஒரு வரி, "காலைல மட்டும் தகராறு, ஆன் ஆயிட்டா நாள் முழுக்க ஓடுது". செத்த போர்டு இப்படிக் காலைல முரண்டு புடிச்சுட்டு மத்தியானம் சமத்தா ஓடறது ரொம்ப அபூர்வம். இது குளிர்ந்து கிடக்கறப்ப மட்டும் வர்ற நோய். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள உருளை உருளையா கெப்பாசிட்டர் இருக்கும், உள்ள ஒரு திரவம். வருஷக்கணக்கா சூட்டுல கிடந்து அந்தத் திரவம் காஞ்சு போயிடும், காஞ்ச கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கறப்ப கரண்ட்டை ஒழுங்கா வாங்கிக் குடுக்காது, வோல்டேஜ் ஆட்டம் போடும். நாலு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்றப்ப உள்ள லேசா சூடாகுது பாருங்க, அந்தச் சூட்டுலதான் அஞ்சாவது தடவை வேலை செய்யுது. பழைய அம்பாசடர் கார் காலைல தள்ளி விட்டாதான் ஸ்டார்ட் ஆகும், அப்புறம் திருச்சி வரைக்கும் போயிட்டு வரும், அதே கதை.

அப்ப ஃபேன் சுத்துதேன்னு கேப்பீங்க. எல்லாரும் ஏமாறது அங்கதான். ஃபேன் சுத்த 12 வோல்ட் லைன்ல ஏதோ கொஞ்சம் வந்தா போதும், அது 9 வோல்ட்டா இருந்தாலும் சுத்தும். பிராசஸருக்கு அப்படி ஆகாது. எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்குப் போற அந்தப் பெரிய 24 பின் கனெக்டரைப் பாருங்க, மஞ்சள் ஒயர் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு 3.3 வோல்ட். இதுல ஒவ்வொண்ணும் முன்னப்பின்ன 5 சதவீதத்துக்குள்ள நிக்கணும், அதாவது மஞ்சள்ல 11.4ல இருந்து 12.6க்குள்ள, சிவப்புல 4.75ல இருந்து 5.25க்குள்ள. இதெல்லாம் சரியா வந்து நின்னதும் சாம்பல் கலர் ஒயர்ல எஸ்எம்பிஎஸ் ஒரு 5 வோல்ட் சிக்னல் குடுக்கும், நான் ரெடின்னு சொல்ற சிக்னல் அதுதான். அது வராத வரைக்கும், இல்ல வந்து வந்து போனா, போர்டு பிராசஸரை எழுந்திரிக்கவே விடாது. ஃபேன் சுத்தும், லைட் எரியும், டிஸ்ப்ளே வராது. உங்க வீட்டுல காலைல நடக்கறது அநேகமா இதுதான்.

இதுல நான் வாங்கின அடியையும் சொல்லிடறேன். தொழிலுக்கு வந்த புதுசுல இதே கம்ப்ளைண்ட்டோட ஒரு ஜெராக்ஸ் கடை சிஸ்டம் வந்துச்சு. நானும் ஃபேன் சுத்துதுல்ல அப்ப எஸ்எம்பிஎஸ் ஓகேன்னு நினைச்சு போர்டை மாத்தினேன், புது போர்டு மாட்டின அன்னைக்கு டேபிள் மேல பத்து தடவை ஆன் பண்ணிப் பாத்தேன், பத்து தடவையும் ஜம்முனு வந்துச்சு. மூணாவது வாரம் அந்த அண்ணன் காலைல ஒம்பது மணிக்கு கேபினெட்டைத் தூக்கிக்கிட்டு வந்து கடை வாசல்ல வச்சுட்டு ஒண்ணும் பேசாம நின்னார். எஸ்எம்பிஎஸ் மாத்தினதும் சரியாச்சு, போர்டு காசை நான்தான் ஏத்துக்கிட்டேன். பத்து தடவை நான் ஆன் பண்ணிப் பாத்தது மத்தியானம் ரெண்டு மணிக்கு, சித்திரை மாசம், எல்லாம் சூடா இருந்த நேரம். அதனால உங்க கடைக்காரரையும் நான் தப்பு சொல்ல மாட்டேன், நீங்க கொண்டு போனது சாயங்காலமா இருந்திருக்கும். அவர்கிட்ட திரும்பக் குடுக்கறதா இருந்தா ராத்திரி விட்டுட்டு வந்துடுங்க, காலைல கடை திறந்ததும் முதல் தடவை அமுக்கறப்ப என்ன ஆகுதுன்னு பாக்கச் சொல்லுங்க.

சோதிச்சுப் பாக்க ஒரு மல்டிமீட்டர் போதும், எலக்ட்ரிக்கல் கடையில முன்னூறு ரூபாய்க்குள்ள கிடைக்கும், டிசி 20 வோல்ட்ல வைங்க. ராத்திரி முழுக்க ஆஃப்ல இருந்த சிஸ்டம், காலைல சுவிட்சை மட்டும் போடுங்க, கேபினெட் பட்டனைத் தொடாதீங்க. மீட்டரோட கருப்பு முனையை ஏதாவது ஒரு கருப்பு ஒயர் ஓட்டைக்குள்ள பின்பக்கமா சொருகுங்க, சிவப்பு முனையை ஊதா கலர் ஒயர்ல வைங்க. சிஸ்டம் ஆஃப்ல இருக்கறப்பவும் இந்த ஊதா ஒயர்ல 5 வோல்ட் இருந்துக்கிட்டே இருக்கணும், போர்டு தூக்கத்துலயும் பட்டனை கவனிக்கறது இந்தக் கரண்ட்லதான். 4.75க்குக் கீழ இருந்தாலோ நம்பர் மேலயும் கீழயும் குதிச்சாலோ எஸ்எம்பிஎஸ்தான், மேற்கொண்டு யோசிக்க ஒண்ணுமில்ல.

ஊதா சரியா இருந்தா பச்சை ஒயருக்கு வாங்க. ஆஃப்ல அதுல 3ல இருந்து 5 வோல்ட் வரைக்கும் காட்டும், பட்டனை அமுக்கினதும் பூஜ்யத்துக்கு இறங்கணும், போர்டு "எழுந்திரு"ன்னு எஸ்எம்பிஎஸ்ஸுக்கு சொல்றது அப்படித்தான். பச்சை இறங்கியும் எஸ்எம்பிஎஸ் எழலன்னா தப்பு எஸ்எம்பிஎஸ் மேல. பட்டனை அமுக்கியும் பச்சை இறங்கவே இல்லன்னா தப்பு பட்டன்லயோ போர்டுலயோ. இந்த ஒரு சோதனையை வச்சே பாதி பஞ்சாயத்தை முடிச்சுடலாம், ஆனா எத்தனை பேர் செய்றாங்கன்னு தெரியல, எல்லாரும் நேரா போர்டைக் கழட்டறாங்க. கடைசியா சாம்பல் ஒயர், டிஸ்ப்ளே வராம ஃபேன் மட்டும் சுத்தறப்ப அதுல 5 வோல்ட் நிலையா நிக்குதான்னு பாருங்க. மீட்டர் முனை பக்கத்து பின்னைத் தொட்டு ஷார்ட் ஆயிடாம பாத்துக்கங்க, கை நடுங்குதுன்னா இந்த வேலையே வேணாம்.

மீட்டர் இல்லாதவங்களுக்கு ஒரு நாட்டு வைத்தியம். காலைல ஆன் ஆகாம முரண்டு பிடிக்கறப்ப பிளக்கைப் பிடுங்கிட்டு, முடி காய வைக்கற டிரையரை எடுத்து எஸ்எம்பிஎஸ்ஸோட பின்பக்க ஓட்டை வழியா ஒரு அடி தள்ளி நின்னு ரெண்டு மூணு நிமிஷம் சூடு காட்டுங்க. அப்புறம் பிளக்கை மாட்டி ஆன் பண்ணுங்க. முதல் அமுக்குலயே வந்துட்டா கெப்பாசிட்டர்தான்னு கிட்டத்தட்ட முடிவு பண்ணிடலாம். இருக்கறதுலயே பெஸ்ட் வழி ஒண்ணு இருக்கு, நல்லா ஓடற வேற சிஸ்டத்தோட எஸ்எம்பிஎஸ்ஸை ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டி ரெண்டு காலை பாக்கறது. 24 பின் கனெக்டர் மட்டும் மாட்டினா பத்தாது, பிராசஸர் பக்கத்துல 4 பின்னோ 8 பின்னோ தனியா ஒண்ணு இருக்கும், அதை மறந்தா ஃபேன் சுத்தும் டிஸ்ப்ளே வராது, மறுபடியும் போர்டு மேல பழி விழும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பா சொல்றேன், எஸ்எம்பிஎஸ் டப்பாவைத் திறக்காதீங்க. நம்ம வீட்டு 230 வோல்ட் உள்ள போய் கிட்டத்தட்ட 325 வோல்ட் டிசியா பெரிய கெப்பாசிட்டர்ல நிக்கும், பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கொஞ்ச நேரம் இருக்கும். யூடியூப்ல கெப்பாசிட்டர் மாத்தற வீடியோ நிறைய இருக்கு, தெரிஞ்சவங்க செய்யட்டும். நீங்க வெளிய இருந்து டார்ச் அடிச்சு ஓட்டை வழியா பாருங்க போதும், கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தா, பிசுக்கு வழிஞ்சிருந்தா தெரியும். ஒரு தடவை இப்படி டார்ச் அடிச்சப்ப ரெண்டு கண்ணு என்னையே பாத்துச்சு, பல்லி, செத்து காஞ்சு சருகாட்டம் இருந்துச்சு. சூட்டுக்கு உள்ள போயிருக்கு, ஷார்ட் ஆகி தானும் போய் எஸ்எம்பிஎஸ்ஸையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. கேபினெட் பின்னாடி காலியா இருக்கற பட்டை ஓட்டைகளுக்கு மூடி போட்டு வைங்கன்னு சொன்னா யார் கேக்கறா.

ராமுக்கு வருவோம், எஸ்எம்பிஎஸ் சரின்னு தெரிஞ்சா அடுத்தது இதுதான். பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனை ஒரு பதினஞ்சு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, மிச்சமிருக்கற கரண்ட் இறங்கிடும். போர்டுல ஒரு குட்டி லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்தா அது அணைஞ்சப்புறம்தான் ராம்ல கை வைக்கணும். ரெண்டையும் கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்லு வரிசையைப் பசங்க பென்சில் ரப்பரால மெதுவா தேய்ச்சு, தூளை ஊதாம துணியால தட்டி விடுங்க, ஊதினா எச்சில் ஈரம் ஒட்டும். கடற்கரை ஊர்க்காரங்களுக்கு இது ரொம்ப சகஜம், தூத்துக்குடிலயோ நாகப்பட்டினத்துலயோ இருக்கறவங்க ரப்பரை டூல் கிட்டுலயே வச்சிருப்பாங்க. லீவுக்கு அப்புறம் ஒரு ஸ்கூல் லேபுக்குப் போனேன், வரிசையா ஒம்பது சிஸ்டம் டிஸ்ப்ளே வரல, ஒம்பதுக்கும் ஒரே ரப்பர்தான் மருந்து.

திரும்ப மாட்டறப்ப ஒரே ஒரு ராம் மட்டும் மாட்டுங்க, பக்கத்து கொக்கி "டக்"குன்னு விழற வரைக்கும் அமுக்கணும். வரலன்னா அதே ராமை அடுத்த ஸ்லாட்ல, அப்புறம் இன்னொரு ராமை முதல் ஸ்லாட்ல. ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும் தம்பி, ராமையும் மாத்தி பேட்டரியையும் மாத்தி கேபிளையும் மாத்தி ஆன் ஆயிடுச்சுன்னா எதால ஆச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது, மறுபடி வர்றப்ப திரும்பவும் எல்லாத்தையும் மாத்திக்கிட்டு இருக்கணும்.

இந்த நேரத்துல பீப் சத்தம் போடற ஒரு குட்டி பஸ்ஸர் வாங்கி போர்டுல ஸ்பீக்கர்னு போட்டிருக்கற பின்ல மாட்டிக்கங்க, இருபது முப்பது ரூபாய் சாமான். இப்ப வர்ற கேபினெட்ல அதைக் குடுக்கறதே இல்ல, குடுத்தா போர்டே வாயைத் திறந்து சொல்லிடும். ராமை மொத்தமா கழட்டிட்டு ஆன் பண்ணுங்க, பீப் பீப்னு கத்துச்சுன்னா சந்தோஷப்படுங்க, ராம் இல்லன்னு சொல்ற அளவுக்கு பிராசஸரும் போர்டும் உயிரோட இருக்குன்னு அர்த்தம். எல்லா ராமையும் கழட்டியும் சத்தமே வரலன்னா அப்பதான் எஸ்எம்பிஎஸ், போர்டு, பிராசஸர் மூணுல ஒண்ணு. பஸ்ஸர் இல்லன்னா இன்னொரு வழி, டிஸ்ப்ளே கருப்பா இருக்கறப்ப கீபோர்டுல நம்லாக் பட்டனைத் தட்டுங்க, அந்த லைட் எரிஞ்சு அணைஞ்சா சிஸ்டம் உள்ளுக்குள்ள நல்லாதான் ஓடுது, தகராறு மானிட்டர்லயோ கேபிள்லயோ இருக்கு.

தேதி பழசா காட்டறது தனிக் கதை. போர்டுல காசு மாதிரி வட்டமா ஒரு செல் இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட், ஐம்பது ரூபாய்க்குள்ள கிடைக்கும். பிளக்ல கரண்ட் இருக்கற வரைக்கும் கடிகாரம் அந்த ஊதா ஒயர் கரண்ட்ல ஓடும், சுவிட்சை அணைச்சாதான் இந்த செல்லைச் சாப்பிடும். நம்ம வீடுகள்ல ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுப் படுக்கற பழக்கம் இருக்குல்ல, அதனால நம்ம செல்லுக்கு ஆயுசு கம்மி. உங்களுது 2014ல இருந்து மாத்தவே இல்லன்னா அது எப்பவோ செத்திருக்கும். மாத்திடுங்க, ஆனா அதனால காலைல வர்ற பிரச்சினை தீரும்னு பெருசா நம்பாதீங்க, சில போர்டு செல் செத்தா முரண்டு பண்ணும், பெரும்பாலும் எஃப்1 அமுக்குன்னு ஒரு வரி காட்டிட்டு வேலை செய்யும்.

செல் மாத்தினதும் ஒண்ணு கவனிங்க. பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாடி ஓடற போர்டோட சொந்த புரோகிராம், அதோட செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். அதுல ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் படிக்கணும்னு ஒரு செட்டிங், ஏஎச்சிஐயா ஐடிஇயான்னு. விண்டோஸ் போட்டப்ப ஒண்ணு இருந்து இப்ப இன்னொண்ணா மாறிடுச்சுன்னா லோகோ வரும், அப்புறம் நீலத் திரை வந்து ரீஸ்டார்ட் ஆகிக்கிட்டே இருக்கும். ஐம்பது ரூபாய் செல் செத்ததுக்கு விண்டோஸ் புதுசா போட்டு காசு வாங்கினவங்களை எனக்குத் தெரியும். பயாஸ்குள்ள போய் அந்த ஒரு வரியை மாத்தினா விண்டோஸ் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து நிக்கும்.

பட்டனையும் ஒரு பார்வை பாத்துடுங்க. பவர் பட்டனை 4 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா சிஸ்டம் ஆஃப் ஆயிடும்னு தெரியும்ல, பட்டன் உள்ளயே சிக்கிக்கிட்டா ஆன் ஆகி சரியா நாலு செகண்ட்ல ஆஃப் ஆகும். ரீசெட் பட்டன் சிக்கிக்கிட்டா ஃபேன் சுத்தும் டிஸ்ப்ளே வராது. ரெண்டு ஒயரையும் போர்டுல இருந்து பிடுங்கிட்டு, பவர் சுவிட்ச்னு போட்டிருக்கற ரெண்டு பின்னை ஸ்க்ரூடிரைவர் நுனியால ஒரு தொடு தொட்டு எடுங்க, ஆன் ஆயிடும். அப்படிப் பண்ணினா ஒழுங்கா வருதுன்னா பட்டன்தான் வில்லன்.

அப்புறம் யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு ஒரு நாள் நேரா சுவத்து பாயிண்ட்ல மாட்டிப் பாருங்க. எக்ஸ்டென்ஷன் போர்டுல லூஸா இருக்கற பின்னால வந்த "டெட் சிஸ்டம்" நான் பாத்ததுல ஏராளம். கேபினெட்டைத் தொட்டா சுரீர்னு லேசா ஷாக் அடிக்குதான்னும் பாருங்க. அடிச்சா வீட்டுல எர்த் சரியில்ல. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள வர்ற இடத்துல ரெண்டு குட்டி கெப்பாசிட்டர் கரண்ட்ல கலந்து வர்ற தேவையில்லாத எலக்ட்ரிக்கல் இரைச்சலை எர்த்துக்கு அனுப்பும், எர்த் இல்லன்னா அது கேபினெட்டுக்கு வரும், மீட்டர் வச்சா கிட்டத்தட்ட பாதி மெயின் வோல்டேஜ் காட்டும். கரண்ட் அளவு ரொம்ப கம்மி, ஆனா அந்த வீட்டுல போர்டும் யுஎஸ்பி போர்ட்டும் அடிக்கடி போகும். கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

உங்க கேஸ் இல்லாம வேற மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா மானிட்டர் கேபிளை கார்டுல மாட்டணும், போர்டுல இருக்கற போர்ட்ல மாட்டிட்டு டிஸ்ப்ளே வரலன்னு வர்றவங்க வாரத்துக்கு ஒருத்தர், அதுலயும் இன்டெல்ல பேர் கடைசில எஃப் போட்ட பிராசஸர்னா உள்ள கிராபிக்ஸே கிடையாது. டிடிஆர்5 ராம் போட்ட புது சிஸ்டம் முதல் தடவை ஆன் பண்றப்ப ராமைப் பழகிக்கறதுக்கே சில நிமிஷம் கருப்பா நிக்கும், பயந்து போய் ஆஃப் பண்ணிப் பண்ணி ஆன் பண்ணாதீங்க, கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. ஆன் ஆகி அஞ்சு நிமிஷத்துல தானா ஆஃப் ஆகுதுன்னா பிராசஸர் சூடு, அது மேல சூட்டை இழுக்க உக்கார்ற ஹீட் சிங்க்கோட நாலு மூலை பிளாஸ்டிக் பின்ல ஒண்ணு விட்டிருக்கும், இல்ல ரெண்டுக்கும் நடுவுல தடவற பேஸ்ட் காஞ்சிருக்கும்.

லோகோ வந்து அதுக்கப்புறம் நிக்கறவங்கதான் விண்டோஸையும் ஹார்ட் டிஸ்க்கையும் சந்தேகப்படணும். டிஸ்க்ல இருந்து டக் டக்னு சத்தம் வந்தா எந்த ரிப்பேர் டூலையும் ஓட்டாதீங்க, ஆஃப் பண்ணிட்டு டேட்டா எடுக்கற வழியைப் பாருங்க, செக் டிஸ்க்குங்கற விண்டோஸ் ரிப்பேர் டூலை ஓட்டி ஓட்டியே சாகற டிஸ்க்கை சாகடிச்சவங்க உண்டு. சத்தம் இல்லன்னா ரிப்பேர் திரையில சேஃப் மோடு, அதாவது அவசியமான டிரைவர் மட்டும் ஏத்தற நிலை, அது வழியா உள்ள போய் கடைசியா போட்ட டிரைவர், அப்டேட்டை எடுத்துப் பாருங்க. 2024 ஜூலை 19 அன்னைக்கு கிரவுட்ஸ்ட்ரைக்குங்கற செக்யூரிட்டி சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பின ஒரே ஒரு தப்பான அப்டேட் ஃபைலால 85 லட்சம் விண்டோஸ் சிஸ்டம் நீலத் திரையில நின்னுச்சு, ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க ஞாபகம் இருக்கா, அதுக்கு வைத்தியம் சேஃப் மோடுல போய் அந்த ஒரு ஃபைலை அழிக்கறதுதான். தப்பு வன்பொருள்ல இல்ல, அந்த ஃபைலை அழிச்சவங்க ஃபார்மட்டும் அடிக்க வேண்டியிருக்கல. என்ன ஒண்ணு, டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் போட்டிருந்தவங்க அந்த 48 இலக்க சாவியைத் தேடி அலைஞ்சாங்க, உங்க லேப்டாப்ல அது ஆன்ல இருந்தா இப்பவே எழுதி வச்சுக்கங்க.

இப்ப காசு விஷயம். கேபினெட்டோட சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ல 450 வாட்ஸ், 500 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை நம்பாதீங்க, கையில தூக்கிப் பாத்தாலே தெரியும் காத்தாட்டம் இருக்கும். உங்க ஐ3 சிஸ்டம் மொத்தமா இழுக்கறது 100 வாட்ஸுக்குள்ளதான், அதனால பெரிய வாட்ஸ் தேவையில்ல, கரண்ட்டை அதிகம் வீணாக்காதுன்னு சொல்ற 80 பிளஸ் சான்றிதழ் இருக்கற ஒரு நல்ல 450 வாட்ஸ் 2000ல இருந்து 3000 ரூபாய்க்குள்ள பாருங்க. நாளைக்கு சிஸ்டத்தையே மாத்தினாலும் இதைக் கழட்டி சாதாரண வேலைக்கான புது செட்டுல மாட்டிக்கலாம், காசு வீணாகாது. சில சாதா எஸ்எம்பிஎஸ் பின்னாடி சிவப்பா 115/230ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும், அது 230லதான் இருக்கணும், துடைக்கறப்ப கைபட்டு 115க்குப் போயிட்டா ஆன் பண்ணினதும் பட்டாசுதான்.

ஒருவேளை எல்லாம் பாத்தும் போர்டுதான்னு ஆச்சுன்னா அப்ப மட்டும் யோசிங்க. உங்க பிராசஸர் உக்கார்ற இதே சாக்கெட்டுக்கு புது எச்81 போர்டு சின்னக் கம்பெனிகள்ல இன்னும் வருது, ஆனா அதுக்கு ரொம்பக் கொட்டாதீங்க. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டை நிறுத்திடுச்சு, விண்டோஸ் 11 இன்டெல்ல ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு தவிர எட்டாம் தலைமுறைக்குக் கீழ அதிகாரப்பூர்வமா ஏறாது, உங்களுது நாலாவது. டைப்பிங், பசங்க யூடியூப்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம், டாலி மட்டும் அதுல நேரா ஓடாது, அதுக்கு வேற வழி பாக்கணும். பிராசஸரைக் கழட்டற வேலை மட்டும் வேணாம், சாக்கெட்ல இருக்கற முடி மாதிரி பின் ஒண்ணு வளைஞ்சா நல்ல போர்டும் நிஜமாவே போயிடும்.

நாளைக்கு காலைல பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி ஊதா ஒயர் ரீடிங் எடுத்துட்டு, அப்புறம் முதல் அமுக்குல பச்சை எவ்வளவு, சாம்பல் எவ்வளவுன்னு மூணு நம்பரை மட்டும் எழுதுங்க. எழுந்ததும் பழக்க தோஷத்துல ஆன் பண்ணிடாதீங்க, சூடாயிட்டா அடுத்த நாள் காலை வரைக்கும் காத்திருக்கணும்.